மூளையில் கோளாறு... அடிவயிற்றில் ஸ்கேன் எதற்கு?

"மூளையில கோளாறுன்னுதான் டாக்டர் கூட்டிக்கிட்டுப் போனோம். அங்க என்னடான்னா, கல்யாணமாகாத பொண்ணுக்கு அடிவயித்துல ஸ்கேன் எடுக்கணும்ங்கறாங்க. இது என்ன கூத்து?"

இப்படிக் கேட்கிற பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. நம் ஊர்ப்பக்கம் 'ஸ்கேன்' என்றாலே பிள்ளைத்தாய்ச்சிக்கு எடுப்பது என்றுதான் அர்த்தம். "அவங்க வீட்டுப் பொண்ணுக்கு ஸ்கேன் எடுத்தாங்களாமே" என்று தெருவில் ஒருத்தர் வாயில் விழுந்தால் போதும், நாளைக்கு வரன் பார்க்கிற வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் பயம் நிஜமான பயம்தான்.

ஆனால் அதைவிடப் பெரிய நிஜம் ஒன்று இருக்கிறது. திடீரென்று புத்தி தடுமாறிப்போன ஓர் இளம்பெண்ணைக் காப்பாற்றும் வழி, சில சமயம் அந்த அடிவயிற்று ஸ்கேனில்தான் தெரியவரும். வெட்கப்பட்டு அதை மறுத்துவிட்டால் நஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தான்.

'சித்த வைத்தியருக்கு ஸ்கேனைப் பற்றி என்ன பேச்சு?' என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்வி. செஞ்சி மாதிரி ஊரில் பெண் ஒரு மாதிரியாகப் பேசுகிறாள் என்றால், யாரும் முதலில் நரம்பு டாக்டரைத் தேடிப் போவதில்லை. முதலில் மந்திரிக்கிறவர், அப்புறம் கோயில், அப்புறம் எங்களைப் போன்ற நாட்டு வைத்தியர். பெரிய ஆஸ்பத்திரி கடைசியில்தான். முதல் வாசலில் உட்கார்ந்திருக்கிறவனே இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

நாலே நாளில் மாறிப்போகும் பெண்

இந்த நோய் வருகிற விதத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த, அல்லது வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண். வயது பதினெட்டு, இருபது, இருபத்தைந்து. முதலில் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், தலைவலி. சாதாரண ஜலதோஷம் என்று நினைப்போம். பிறகு தூக்கம் போய்விடும். "யாரோ என்னைப் பார்க்கிறாங்க", "சாப்பாட்டுல ஏதோ கலந்துட்டீங்க" என்பாள். காரணமில்லாமல் அழுவாள், கத்துவாள், பெற்ற தாயையே அடிக்க வருவாள். அப்புறம் பேச்சு குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றே போகும். வாயை மென்றுகொண்டே இருப்பாள், உதட்டைச் சப்புக்கொட்டுவாள், கை தானாக ஆடும். வலிப்பு வரும். முற்றிப்போனால் மூச்சுவிடவே திணறி, செயற்கை சுவாசம் வைக்கிற நிலை வரைக்கும் போகும்.

இதெல்லாம் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் நடந்துவிடும். முதல் வாரத்தில் பார்க்கிறவர்களுக்கு இது பேய் பிடித்த மாதிரியும் இருக்கும், பைத்தியம் பிடித்த மாதிரியும் இருக்கும். உண்மையில் இரண்டும் இல்லை. இது மூளையில் ஏற்படுகிற ஓர் அழற்சி. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நம் மூளையைத் தாக்குவதால் வருவது. 'என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளை அழற்சி' என்று டாக்டர்கள் சொல்வார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, அடையாளம் மனசில் நின்றால் போதும்.

செஞ்சிக்காரன் என்பதால் ஊர் உதாரணமே சொல்கிறேன். ராஜகிரிக் கோட்டை மேல் காவலுக்கு நிறுத்திய வீரர்கள், வெளியே வருகிற எதிரியைச் சுடாமல் கோட்டைக்குள் இருக்கிற சொந்த ஜனங்களையே சுட ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? இந்த நோயில் அதுதான் நடக்கிறது.

கட்டிக்குள் முடி, பல்!

காவலர்கள் ஏன் அப்படித் தடம் மாறினார்கள்? இங்கேதான் அடிவயிறு வருகிறது.

பெண்களின் சினைப்பையில் 'டெரடோமா' என்று ஒரு வகைக் கட்டி வரும். 'டெர்மாய்ட் கட்டி' என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்த வகைதான். பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல. ஆனால் விசித்திரமான கட்டி. அறுத்துப் பார்த்தால் உள்ளே முடி இருக்கும், கொழுப்பு இருக்கும், சிலவற்றில் பல்கூட இருக்கும். கருமுட்டையாக வேண்டிய அணுவிலிருந்து முளைப்பதால், உடம்பின் எந்தத் திசுவும் அதில் உருவாகலாம். நரம்புத் திசுவும் உருவாகலாம்.

இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிற அந்த நரம்புத் திசுவைப் பார்த்து நம் எதிர்ப்பு சக்தி ஆயுதம் தயாரிக்கிறது. அந்த ஆயுதத்துக்குக் கட்டியில் இருக்கிற நரம்பு எது, மூளையில் இருக்கிற நரம்பு எது என்று வித்தியாசம் தெரியாது. மூளையில் ஞாபகத்துக்கும் புத்திக்கும் வேலை செய்கிற என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைப் போய்த் தாக்குகிறது. ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்துக்குக் கொடுக்கிற கெட்டமின் மருந்து தடுப்பதும் இதே ஏற்பிகளைத்தான். அந்த மருந்தின் வேகத்தில் சிலர் உளறுவதையும் இல்லாததைப் பார்ப்பதையும் நினைத்துக்கொண்டால், இந்தப் பெண்ணின் நிலை கொஞ்சம் விளங்கும்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் ஜோசெப் டால்மௌ. 2007-ல் அவரும் சகாக்களும் 14 முதல் 44 வயது வரையிலான 12 பெண்களைப் பற்றி எழுதினார்கள். 11 பேருக்குச் சினைப்பையில் டெரடோமா. ஒருவருக்கு மட்டும் மார்புக்கூட்டுக்குள். கட்டியை அகற்றி, எதிர்ப்பு சக்தியை அடக்கும் சிகிச்சையும் கொடுக்கப்பட்ட 9 பேரில் 8 பேர் தேறினார்கள். கட்டி அகற்றப்படாத 3 பேரில் 2 பேர் இறந்துபோனார்கள்.

பன்னிரண்டே பேரை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது சரிதான். 2013-ல் பல நாடுகளிலிருந்து 577 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதில் நூற்றுக்கு 81 பேர் பெண்கள். அந்தப் பெண்களில் 46 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டி இருந்தது. கண்டுபிடித்த கட்டிகளில் 94 சதவீதம் சினைப்பை டெரடோமா. இப்போது சொல்லுங்கள், நரம்பு டாக்டர் அடிவயிற்றைப் பார்க்கச் சொல்வது கூத்தா?

ஸ்கேன் என்ன சொல்லும், என்ன சொல்லாது?

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே வீட்டில் கோபப்படுகிற பெண்களையெல்லாம் ஸ்கேன் சென்டரில் கொண்டுபோய் நிறுத்துவீர்கள்!

டெர்மாய்ட் கட்டி பெண்களுக்குச் சகஜமாக வருவது. அந்தக் கட்டி இருக்கிறவர்களில் மிக மிகப் பெரும்பாலோருக்கு மூளையில் எந்தத் தொந்தரவும் வருவதில்லை. அதே மாதிரி, மனநோய் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த மூளை அழற்சி கிடையாது. ஆகவே ஸ்கேனை மட்டும் வைத்து இந்த நோயைத் தீர்மானிக்க முடியாது. முதுகுத் தண்டில் நீர் எடுத்து, அதில் அந்தத் தவறான எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியமான பரிசோதனை. இ.இ.ஜி.யும் உதவும். தலைக்கு எடுக்கிற எம்.ஆர்.ஐ. பலருக்கு நார்மலாகவே இருக்கும். "தலை ஸ்கேன் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க, அப்ப இது பேய்தான்" என்று முடிவுகட்டி வீட்டுக்கு அழைத்துவந்துவிடாதீர்கள்.

நோய் இதுதான் என்று சந்தேகமோ முடிவோ வந்த பிறகு, அதைத் தூண்டிவிட்ட கட்டி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுவதற்குத்தான் அடிவயிற்று ஸ்கேன். அல்ட்ரா சவுண்டை ஏன் முதலில் எடுக்கிறார்கள்? செலவு குறைவு. கதிர்வீச்சு இல்லை, வெறும் ஒலி அலைதான். கட்டிலுக்கே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. குகைக்குள் அரைமணி நேரம் அசையாமல் படு என்றால், கை கால் உதறிக்கொண்டிருக்கிற பெண் எப்படிப் படுப்பாள்?

அல்ட்ரா சவுண்டில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் விஷயம் அதோடு முடியாது. சின்னக் கட்டி அதில் தப்பிவிடலாம். அதனால்தான் பிறகு எம்.ஆர்.ஐ. கேட்பார்கள். உடம்பு தேறிய பிறகும் சில வருஷங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போலத் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். "ஒரு தடவை எடுத்தாச்சே, எத்தனை தடவை?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

கட்டியே இல்லாதவர்களுக்கும் இந்த நோய் வரும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுமிகளுக்குக் கட்டி இருப்பது குறைவு. ஆண்களுக்கு அபூர்வம். 2009-ல் நியூயார்க்கில் 24 வயதுப் பத்திரிகையாளர் சூசன்னா கஹாலனுக்கு இந்த நோய் வந்தது. டாக்டர் சூஹேல் நஜ்ஜார் அவரிடம் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலது பாதியிலேயே அடைத்துவிட்டார் அந்தப் பெண். மூளையில்தான் கோளாறு என்பதற்கு அது ஒரு தடயமாக அமைந்தது. அவருக்குக் கட்டி எதுவும் இல்லை. சிகிச்சையில் குணமாகி, 2012-ல் தன் அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார்.

மனுஷருக்கு மட்டுமில்லை. பெர்லின் மிருகக்காட்சி சாலையில் உலகமே கொஞ்சிய 'க்னூட்' என்கிற பனிக்கரடி 2011-ல் ஆயிரம் கண்கள் பார்க்க வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்து இறந்தது. அதற்கும் இதே நோய்தான் என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். கரடிக்கு யார் செய்வினை வைத்திருப்பார்கள்?

அமாவாசை வரை காத்திருக்கலாமா?

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் மேல்மலையனூர். அமாவாசை இரவில் அங்காளம்மன் சந்நிதியில் கூடுகிற கூட்டத்தில், புத்தி சரியில்லாத பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துவருகிற தாய்மார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அம்மனை நானும் கும்பிடுகிறவன்தான். சாமி கும்பிடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அமாவாசை வரைக்கும் காத்திருக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இந்த நோயில் சிகிச்சையைச் சீக்கிரம் ஆரம்பித்தவர்கள்தான் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். பத்து நாள், பதினைந்து நாள் என்பது விளையாட்டில்லை.

கட்டிப்போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகிப்போனதை நாம் மறந்துவிடக்கூடாது.

எங்கள் வைத்தியத்துக்கும் ஒரு வார்த்தை

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது 'நோய் நாடல்' என்று எங்களுக்கு ஒரு பாடமே உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வு. நோய் எங்கே தெரிகிறது என்பதோடு நிற்காமல், எங்கிருந்து புறப்பட்டது என்று தேடு என்பதுதான் அதன் சாரம். தலையில் தெரிகிற நோய்க்கு அடிவயிற்றில் முதல் தேடுவது அந்தப் பாடத்துக்கு விரோதமில்லை, அதே வழிதான். நாடி பிடித்து அந்தக் கட்டியைச் சொல்ல முடியாது. மெஷின் சொல்லும் என்றால் மெஷினைக் கேட்பதில் வைத்தியனுக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

மனநோயைக் 'கிரிகை' என்று பெயரிட்டுப் பதினெட்டு வகையாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள் நம் முன்னோர். அந்த ஏட்டறிவுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் காய்ச்சல், வலிப்பு, பேச்சு நிற்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிற இளம்பெண்ணுக்கு வல்லாரையும் நீர்ப்பிரமியும் கொடுத்து ஒரு மண்டலம் பார்ப்போம் என்று உட்காரவைப்பது வைத்தியமாகாது. அன்றைக்கே அனுப்பிவைப்பதுதான் வைத்தியம். என் சக வைத்தியர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. 2020-ல் கபசுரக் குடிநீர் வீடு வீடாக வந்த பிறகு, 'எதிர்ப்பு சக்தி' என்பது மந்திரச் சொல் மாதிரி ஆகிவிட்டது. எந்த நோய் என்றாலும் எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். இந்த நோயில் எதிர்ப்பு சக்திதான் வில்லன்! அதை அடக்குவதற்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள், ரத்த நாளம் வழியாக இம்யூனோகுளோபுலின் ஏற்றுவார்கள், ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சுத்திகரிப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்து. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு யோசனையைக் கேட்டு, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்று விற்கிற லேகியத்தையும் பொடியையும் ரகசியமாகக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வெட்கத்துக்கு இதில் இடமில்லை

ஸ்கேன் எப்படி எடுக்கிறார்கள் என்று தெரியாததால்தான் பாதி பயம். கல்யாணமாகாத பெண்களுக்கு வழக்கமாக வயிற்றுக்கு மேலேயேதான் எடுப்பார்கள். தண்ணீர் குடிக்கவைத்து, மூத்திரப்பை நிறைந்ததும் தொப்புளுக்குக் கீழே வழவழப்பான ஜெல்லைத் தடவி, கருவியை மேலாக வைத்து நகர்த்திப் பார்ப்பார்கள். உள்ளே எதையும் நுழைக்கவேண்டியதில்லை. வலி இல்லை. தாயார் கூடவே நிற்கலாம். பெண் டாக்டரோ நர்ஸோ உடன் இருக்கவேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

ஸ்கேன் சென்டரில் 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம்' என்ற போர்டைப் பார்த்துச் சங்கடப்படவேண்டாம். 1994-ல் வந்த சட்டப்படி எல்லா ஸ்கேன் சென்டரிலும் அந்த போர்டு இருக்கும். உங்கள் பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒருவேளை கட்டி தெரிந்தால், "கர்ப்பப்பையை எடுத்துடுவாங்களா? குழந்தை பிறக்காதா?" என்று உடனே கலங்குகிறார்கள். கர்ப்பப்பைக்கும் இந்தக் கட்டிக்கும் சம்பந்தம் கிடையாது. முடிந்தவரை கட்டியை மட்டும் எடுத்துச் சினைப்பையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். ஒரு பக்கச் சினைப்பையை எடுக்க நேர்ந்தாலும், மற்றது நன்றாக இருந்தால் மாதவிலக்கும் வரும், தாயாகவும் முடியும்.

பெற்றோரை மட்டும் சொல்லிவிட்டு டாக்டர்களை விட்டுவிட்டால் அது ஓரவஞ்சனை. சீட்டில் இரண்டு எழுத்து கிறுக்கி, "போய் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று நீட்டினால் பயந்துபோயிருக்கிற அப்பா என்ன நினைப்பார்? "உங்க பொண்ணு மேல எங்களுக்குச் சந்தேகம் இல்லைங்க. மூளையைத் தாக்குற ஒரு கட்டி அங்க ஒளிஞ்சிருக்கலாம், அதைத்தான் தேடறோம்" என்று இரண்டு வாக்கியம் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிப்பதால் எத்தனை பேர் பாதியில் எழுந்து வந்துவிடுகிறார்கள்!

நீங்கள் செய்யவேண்டியது

இளம் வயதில், இதற்கு முன் எந்த மனநோயும் இல்லாத ஒருவருக்கு, சில நாட்களுக்குள் புத்தி தடுமாறி, கூடவே காய்ச்சல், வலிப்பு, பேச்சு குறைவது, வாய் கோணி மெல்லுவது, ஞாபகம் தப்புவது இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அதை அவசரமாக எண்ணுங்கள். வலிப்போ மூச்சுத்திணறலோ இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மனநோய் மருந்து கொடுத்த பிறகு உடம்பு விறைத்துக் காய்ச்சல் ஏறினாலும் உடனே திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

செஞ்சியிலிருந்து விழுப்புரமும் திருவண்ணாமலையும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான். முண்டியம்பாக்கத்திலும் திருவண்ணாமலையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எழுபது கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர். சிகிச்சைக்குச் செலவு அதிகம் பிடிக்கும் என்பதால், முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போய் எதற்கெல்லாம் உதவும் என்று அங்கேயே விசாரியுங்கள்.

போகும்போது ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். என்றைக்குக் காய்ச்சல், என்றைக்குத் தூக்கம் போனது, என்றைக்கு முதல் வலிப்பு, என்னென்ன மருந்து கொடுத்தீர்கள், மாதவிலக்கு எப்படி, எல்லாவற்றையும். "இது மூளை அழற்சியாக இருக்குமா? முதுகுத் தண்டு நீர் பார்க்கணுமா? அடிவயிற்று ஸ்கேன் தேவையா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பொறுமையும் வேண்டும். ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அந்த 577 பேரில் இரண்டு வருஷம் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 81 பேர் தங்கள் காரியங்களைத் தாங்களே பார்த்துக்கொள்கிற அளவுக்குத் தேறியிருக்கிறார்கள். சிலருக்கு நோய் திரும்ப வரலாம் என்பதால் கவனிப்பை விட்டுவிடக்கூடாது.

தேறி வந்த பெண்ணுக்கு நோயில் கிடந்த அந்த நாட்கள் பெரும்பாலும் ஞாபகமே இருக்காது. ஆனால் ஊருக்கு ஞாபகம் இருக்கும். "பைத்தியம் பிடிச்சவ" என்ற பெயர் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவளைத் துரத்தும். அப்போது தலைநிமிர்ந்து சொல்லுங்கள்: "எங்க பொண்ணுக்கு வந்தது மூளைக் காய்ச்சல். மருந்து கொடுத்தோம், சரியாயிடுச்சு." அதுதான் உண்மை. அந்த உண்மையைத் தைரியமாகச் சொல்ல முடியவேண்டும் என்றால், ஸ்கேன் அறை வாசலில் தயங்கி நிற்காதீர்கள். பெண்ணைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போங்கள்.